எக்ஸ்போர்ட் பட்டன் இல்லாத ஆப்பை வாசல்லயே நிறுத்துங்க

தோட்டத்துக்குள்ள இப்ப எல்லாத்துக்கும் ஆப் வருது. மரணாதாரச் சங்கத்துக்கு ஒன்று, சிறுசேமிப்புக் குழுவுக்கு ஒன்று, முன்பள்ளிப் பிள்ளைகளின் வரவுக்கு ஒன்று, சில இடங்களில் கோயில் வரிக்குக்கூட ஒன்று. கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். சிலர் நம்ம பக்கத்துப் பிள்ளைகளே. நான் ஆப்புக்கு எதிரி இல்லை. மழையில் ஊறிப்போன கொப்பியில் யாரோ ஒருவருடைய சந்தாக் கணக்கைத் தேடிப் பார்த்த எவரும் எதிரியாக இருக்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும் என்கிறேன். அந்த ஆப்புக்குள் நாம் போட்ட அத்தனை தகவலையும், அட்டவணை அட்டவணையாக, எஸ்.கியூ.எல் கோப்பாக, யாரிடமும் கெஞ்சாமல், அந்த ஆப்புக்குள் இருந்தே நாமே எடுத்துக்கொள்ள ஒரு பட்டன் இருக்க வேண்டும். அது இல்லாத ஆப்பை வாங்கக் கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

"நீ கலைப்பீடம், உனக்கு எதுக்கு டேட்டாபேஸ் கதை?" என்று சிலர் கேட்பார்கள். பதிவேடு யார் கையில் இருந்தது, அதில் யார் பெயர் எப்படி எழுதப்பட்டது, அதை யார் பார்க்க முடிந்தது என்பதெல்லாம் கலைப்பீடத்தில் படிக்கிற பாடம்தான். இப்போது பதிவேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதனால் பாடமும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

முதலில் இது என்ன என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பின் உள்ளே தகவல் அட்டவணைகளாகத்தான் கிடக்கிறது. மரணாதாரச் சங்கம் என்றால் உறுப்பினர்களுக்கு ஒரு அட்டவணை, அவர்களுடைய குடும்பத்தாருக்கு ஒன்று, மாதச் சந்தாவுக்கு ஒன்று, கொடுத்த உதவித்தொகைக்கு ஒன்று. உறுப்பினர் இலக்கம்தான் இவற்றை ஒன்றோடு ஒன்று கட்டிப் போடுகிற கயிறு. எஸ்.கியூ.எல் என்பது இந்த அட்டவணைகளோடு பேசுகிற மொழி. 1974-இல் ஐ.பி.எம் நிறுவனத்தில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. 1986-இல் அமெரிக்காவிலும் 1987-இல் சர்வதேச அளவிலும் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதாவது இன்றைக்கு இது எந்தவொரு கம்பனியின் தனிச்சொத்தும் இல்லை.

எஸ்.கியூ.எல்லாக எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வருகிறது. அதில் முதலில் 'கிரியேட் டேபிள்' என்று தொடங்கும் வாக்கியங்கள்: இப்படி ஒரு அட்டவணை செய், அதில் இன்னின்ன பத்திகள், இந்தப் பத்தி அந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்று சொல்லும். பிறகு 'இன்சர்ட் இன்டு' என்று தொடங்கும் வாக்கியங்கள்: இந்த வரியைப் போடு, அடுத்த வரியைப் போடு. வேறொரு கம்ப்யூட்டரில் அதே வகைத் தரவுத்தள மென்பொருளிடம் இந்தக் கோப்பைக் கொடுத்தால், மேலிருந்து கீழாக வாசித்து முழுப் பதிவேட்டையும் திரும்பக் கட்டிவிடும். மைஎஸ்கியூஎல்லில் எடுத்ததை போஸ்ட்கிரெஸில் போட கொஞ்சம் திருத்த வேண்டிவரும், உண்மைதான். ஆனால் எழுத்துக் கோப்பு என்பதால் திறந்து வாசித்துத் திருத்தலாம். பூட்டிய பெட்டி இல்லை.

இப்போது கம்பனிக்காரர்கள் சொல்லும் முதல் பதிலுக்கு வருவோம். "அண்ணே, பி.டி.எஃப் ரிப்போர்ட் எடுக்கலாம், எக்செல்லும் வரும், அது போதாதா?"

போதாது. பி.டி.எஃப் என்பது பதிவேட்டின் போட்டோ. பார்க்கலாம், அச்சடிக்கலாம். இன்னொரு ஆப்புக்குள் போட வேண்டுமென்றால் ஒரு ஆள் உட்கார்ந்து மறுபடியும் டைப் அடிக்க வேண்டும். எக்செல் அதைவிடப் பரவாயில்லைதான், ஆனால் அதில் வேறு தொல்லை. 071 என்று தொடங்குகிற போன் நம்பரை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூச்சியத்தைத் தின்றுவிடும். 2016-இலிருந்து வருகிற 12 இலக்க அடையாள அட்டை எண்ணை எண்ணாக நினைத்து, தசமப் புள்ளி வைத்த அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் கயிறு அறுந்துவிடும். குடும்பத்தார் பட்டியல் ஒரு தாள், சந்தாப் பட்டியல் ஒரு தாள். இரண்டு பேர் ஒரே பெயரில் இருந்தால் எந்தப் பணம் யாருடையது? நம்ம தோட்டங்களில் ஒரே லயத்தில் இரண்டு லெட்சுமி, மூன்று ராமாயி இருப்பது புதுசா?

இன்னொன்றும் உண்டு. பி.டி.எஃப்பில் கம்பனி எதைக் காட்ட நினைத்ததோ அது மட்டும்தான் வரும். முழு எஸ்.கியூ.எல் எக்ஸ்போர்ட் எடுத்தால், நம்மைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருக்கிற எல்லாப் பத்திகளும் வெளியே வரும். யாருடைய போனிலிருந்து எத்தனை மணிக்குப் பதிந்தது, எந்த வீட்டுக்காரருக்கு என்ன குறிப்புப் போட்டிருக்கிறார்கள், நாம் அழித்துவிட்டதாக நினைத்த பெயர் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். சில கம்பனிகள் பட்டன் போடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

எங்க தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மரணாதாரச் சங்கத்தின் கணக்கை டவுனில் இருந்த ஒரு சின்னக் குழு ஆப்பில் ஏற்றிக்கொடுத்தது. இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு மாதக் கட்டணத்தைக் கூட்டினார்கள். சங்கத்தால் முடியவில்லை. "அப்ப எங்க விவரத்தை எல்லாம் தந்துருங்க தம்பி, நாங்க கொப்பிக்கே போயிர்றோம்" என்று செயலாளர் மாமா கேட்டார். "அதெல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு மாமா, பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது ஒரு பி.டி.எஃப் வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம். உறுப்பினர் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும். யார் யாருக்கு வாரிசு என்ற விவரம் அதில் இல்லவே இல்லை. அந்த மாதம் ஒரு பாட்டி இறந்தார். அவர் சந்தா கட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உதவித்தொகையை யார் கையில் கொடுப்பது என்பதில் இரண்டு மகன்மாருக்கு நடுவே சண்டை. பாட்டி யாருடைய பெயரைக் கொடுத்திருந்தார் என்று பார்க்க ஒரு வரி போதும். அந்த வரி யாருடைய கம்ப்யூட்டரிலோ பத்திரமாகத்தான் இருந்தது.

யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. பட்டன் இல்லை, அவ்வளவுதான். அதற்கே இந்த நிலைமை.

நம்ம ஆட்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த 3-ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்றது. நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1-க்கு முன்னால், திருமணமானவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? லயத்தில் இருந்தவருக்குக் காணி உறுதி ஏது, வாடகை ரசீது ஏது? வேலைக்கு வந்த நாளெல்லாம் பேர் போட்ட செக்ரோல் துரையின் ஆபீஸில் இருந்தது. ஆளின் வாழ்க்கைக்கான சாட்சி ஆளின் கையில் இல்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தவர்கள் ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. மிச்சப் பேரை 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். கடைசியாக 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பல குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

செக்ரோலின் நகல் மட்டும் கையில் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அரசியல் முடிவு, தாள் பிரச்சினை இல்லை. ஆனால் நம்மைப் பற்றிய பதிவு எப்போதும் இன்னொருவரின் அலமாரியில் இருந்தது, நாம் கேட்கும்போது அவர் மனசு வைத்தால்தான் வெளியே வந்தது என்பது உண்மைதானே. இன்றைக்கும் ஈ.பி.எஃப் எடுக்கப் போகிறவர்கள், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர் என்று அலைகிறார்கள். சப்ரகமுவவில் இது இன்னும் மோசம். இறக்குவானை, காவத்தை, தெரணியகலைப் பக்கம் ஆபீஸ் வேலை பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கிறது. பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் ஓர் எழுத்தாவது உதிர்கிறது. இப்படிப்பட்ட இடத்தில், சொந்தச் சங்கத்தின் பதிவேட்டையாவது நம்ம கையில் வைத்திருக்க வேண்டாமா? அதையும் நாமே போய் இன்னொரு அலமாரியில் பூட்டிக் கொடுப்பதா?

இரண்டாவது பதில்: "நாங்க பேக்கப் எடுக்கிறோம். கிளவுட்ல இருக்கு."

இந்த நாட்டு அரசாங்கத்துக்கே ஒரு கிளவுட் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26-இல் இலங்கை அரசாங்க கிளவுடில் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையது உட்பட, சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17-இலிருந்து அந்த நாள் வரைக்குமான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு உரிய பேக்கப் இல்லை. மூன்று மாதத்துக்கும் மேல்! அமைச்சரவைக்கே அந்த நிலைமை என்றால், டவுனில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ஆப் செய்கிற தம்பிகளின் பேக்கப்பை மட்டும் நம்பி உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

பெரிய கம்பனி என்றால் சரியாக இருக்குமோ? கிட்லேப் என்பது உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைக்கிற இடம். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியியலாளர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். பதறிப்போய் பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் எஸ்.கியூ.எல் நகல் எடுக்க ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இடம் வெறுமை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அதனால் நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுப்போச்சு என்று சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஒருவர் வேறு வேலைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணித்தியால வேலை போய்விட்டது. அவர்கள் அதை மறைக்காமல் எல்லாருக்கும் சொன்னார்கள், அது பெரிய விஷயம். இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. இன்னொருவர் எடுக்கிற பேக்கப் நமக்குக் கணக்கில்லை. நாமே எடுத்தாலும், திரும்பப் போட்டுப் பார்க்காத நகல் நகலே இல்லை.

மூன்றாவது பதில்தான் உண்மையிலேயே கனமானது. "முழு டேட்டாவையும் ஒரே கோப்பாக் கொடுத்தா அது வெளியே போயிரும். ஆபத்து."

ஆபத்துதான், மறுக்கவில்லை. 2016-இல் ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்த சேவைக்கு நடந்தது அதுதான். இணையதளத்தைப் பராமரித்த வெளியார் ஒருவர் பக்கம் எடுத்த மைஎஸ்கியூஎல் நகல் ஒன்று, 1.74 ஜிகாபைட், யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய இடத்தில் கிடந்தது. சுமார் 5,50,000 இரத்ததானம் செய்தவர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அதில். மரணாதாரச் சங்கத்தின் கோப்பிலும் அடையாள அட்டை எண், போன் நம்பர், குடும்ப விவரம் எல்லாம் இருக்கும். அது கண்ட கைக்குப் போகக் கூடாது.

ஆனால் அந்தச் சம்பவத்தை நன்றாகப் பாருங்கள். அந்தக் கோப்பை வெளியே வைத்தது இரத்தம் கொடுத்தவர்கள் இல்லை. நகல் எடுக்கும் அதிகாரம் முழுக்க யாரிடம் இருந்ததோ அவர்கள் பக்கம்தான் அது கிடந்தது. கம்பனி தினமும் அதே நகலைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. "நாங்க எடுத்தா பாதுகாப்பு, நீங்க எடுத்தா ஆபத்து" என்றால் அது பாதுகாப்புப் பேச்சு இல்லை, நம்மைப் பிள்ளைகளாக நினைக்கிற பேச்சு. ஆபத்துக்கு மருந்து இருக்கிறது. தலைவர், செயலாளர் இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தால்தான் பட்டன் வேலை செய்ய வேண்டும். கோப்பு கடவுச்சொல்லால் பூட்டிய நிலையில்தான் இறங்க வேண்டும். யார் எப்போது எடுத்தார்கள் என்று ஆப் எழுதி வைக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. இதெல்லாம் செய்யக்கூடிய வேலை.

நான்காவது பதிலைச் சொல்கிறவர்கள் நம்ம ஆட்களேதான். "எஸ்.கியூ.எல் கோப்பைக் கொடுத்தா நம்ம தலைவருக்கு என்ன விளங்கும்?"

எங்க பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது. பாட்டிக்கு அதில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அதுக்காக அதை கச்சேரியிலேயே விட்டுட்டு வந்துட்டாரா? பிஸ்கட் டின்னுக்குள் பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தேவைப்படும் நாளில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். கையில் வைத்திருப்பதற்கு வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை. எஸ்.கியூ.எல் கோப்பும் அப்படித்தான். இப்போது வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். கோப்பு இருந்தால்தானே அவர்கள் வாசிப்பார்கள்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கலாம். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரின் உரிமைகளைச் சொல்கிறது: என்னைப் பற்றிய தரவைப் பார்க்கக் கேட்கலாம், பிழையைத் திருத்தக் கேட்கலாம். நல்லதுதான். ஐரோப்பாவில் 2018 மே 25-இலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின் 20-ஆம் உறுப்புரை, தன் தரவை இயந்திரம் வாசிக்கக்கூடிய வடிவத்தில் வாங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையையும் தருகிறது. ஆனால் இவையெல்லாம் ஒரு ஆள் தன் விவரத்தைக் கேட்பது பற்றியவை. முந்நூறு குடும்பம் சேர்ந்த சங்கம் தன் முழுப் பதிவேட்டைக் கேட்பதற்கு, ஆரம்பத்திலேயே எழுதி வாங்குகிற ஒப்பந்தம்தான் துணை.

இனி ஆப் செய்கிற நண்பர்களிடம் நேராகப் பேசுகிறேன். "ஒரே டேட்டாபேஸ்ல நாப்பது சங்கம் இருக்கு, ஒருத்தருக்கு எப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறது?" என்று கேட்கிறீர்கள். அதனால்தான் பட்டன் ஆப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறேன். 1998-இலிருந்து இருக்கிற பிஎச்பிமைஅட்மின் போன்ற கருவியில் அட்டவணையை எக்ஸ்போர்ட் பண்ணலாம், ஆனால் வழக்கமாக அதில் நாற்பது சங்கத்தின் வரிகளும் சேர்ந்தே வந்துவிடும். எந்த வரி எந்தச் சங்கத்துக்கு உரியது என்பது உங்கள் ஆப்புக்குத்தான் தெரியும். சங்க இலக்கத்தை வைத்து வடிகட்டி, கடவுச்சொல் பத்திகளை விட்டுவிட்டு, எங்களுடையதை மட்டும் எழுதித் தரும் வேலையை ஆப்தான் செய்ய வேண்டும்.

செய்யும்போது ஒழுங்காகவும் செய்யுங்கள். பெயரில் மேற்கோள் குறி வந்தால், டி'சில்வா மாதிரி, கையால் ஒட்டிய வாக்கியம் அங்கேயே உடைந்துவிடும். எல்லா வரியையும் ஒரே மூச்சில் எழுத முயன்றால், பிஎச்பியின் வழக்கமான 30 வினாடி எல்லையில் பாதிக் கோப்போடு நின்றுவிடலாம். பாதிக் கோப்பு பார்க்க முழுக் கோப்பு மாதிரியே இருக்கும், அதுதான் பயங்கரம். மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி முடிந்ததும் கடைசி வரியில் முடிந்துவிட்டது என்று ஒரு குறிப்பு எழுதும். உங்கள் கோப்பும் அப்படி எழுதட்டும், எத்தனை வரிகள் என்றும் சொல்லட்டும். எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சந்தா பதிந்தால் ஒரு அட்டவணையில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகும். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்து எடுங்கள்.

தமிழை மறந்துவிடாதீர்கள். மைஎஸ்கியூஎல் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்துமுறையையே எடுத்துக்கொண்டது. அதற்குள் போன தமிழ்ப் பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிவிடும், பிறகு மீட்க வழியில்லை. பழைய கோப்புகளில் பாமினி எழுத்துரு இருக்கிறது. அதில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான். எக்ஸ்போர்ட் பண்ணினால் அந்த எழுத்துகள்தான் வரும், அம்மா வரமாட்டார். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். "நேரமில்ல, இங்கிலீஷ்லயே போட்டுரலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் பெயர்கள் ஏற்கெனவே போதுமான அளவு ஆங்கிலத்தில் பிழையாக எழுதப்பட்டிருக்கின்றன.

இதெல்லாம் நம்ம நாட்டில் முடியாத விஷயமும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல்லில்தான். மூலநிரலைத் திறந்தே வைத்தார்கள். அதனால்தான் அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிறகு வேறு நாடுகளுக்கும் போய் உதவியது. பூட்டி வைத்திருந்தால் கொழும்பைத் தாண்டியிருக்காது.

சங்கங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

1. உள்ளே போடும் தகவல் சங்கத்துக்குச் சொந்தம் என்று தமிழில் எழுதிய ஒப்பந்தம். கம்பனி மூடினாலும், நாம் விலகினாலும், கட்டணம் பாக்கி இருந்தாலும் எக்ஸ்போர்ட்டை நிறுத்தக் கூடாது.

2. ஆப்புக்குள்ளேயே பட்டன். எந்த நாளும், எந்த நேரமும், தனிக் கட்டணம் இல்லாமல்.

3. சங்கத்துக்கு உரிய எல்லா அட்டவணையும், எல்லாப் பத்தியும், அவற்றுக்கு இடையிலான தொடர்புகளும். கூடவே எந்தப் பத்தி என்ன என்று தமிழில் விளக்கும் ஒரு தாள்.

4. பூட்டிய கோப்பாக இரண்டு பென்டிரைவ். ஒன்று தோட்டத்தில், ஒன்று தோட்டத்துக்கு வெளியே.

5. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டு, வரிகளை எண்ணி, பத்துத் தமிழ்ப் பெயரையாவது வாசித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவதில் ஏன் ஒன்று வெளியே என்று கேட்பவர்கள் 2016 மே 17-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்றைக்கு கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டிப் பக்கம் தோட்டத்து லயத்தின் மேலும் மண் வந்தது. அடுத்த வருடம் மே மாதம் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியது. லயம் போகிற நாளில் அலமாரியும் போகும், செயலாளர் மாமாவின் போனும் போகும். யார் யார் அந்த லயத்தில் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

ஐந்தாவது வேலை நம்முடையது. பேராதனையிலும் பெலிஹுல்ஓயாவிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்கு வரத்தான் செய்கிறோம். ஒரு பழைய லேப்டொப்பும், காசில்லாமல் கிடைக்கிற எக்ஸாம்ப் மென்பொருளும் போதும். கோப்பை இம்போர்ட் பண்ணி, உறுப்பினர் அட்டவணையைத் திறந்து, கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பின்னேரம் போதும். இதற்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் தேவையில்லை. பெயர்களைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும், அது நமக்குத் தெரியும்.

உங்க தோட்டத்தில் ஏற்கெனவே ஆப் இருக்கிறதா? அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு இந்தக் கம்பனி இல்லாமப் போனா, நம்ம பதிவேடு எங்கே இருக்கும்?" பதில் சொல்ல யாராவது போனை எடுத்துக் கம்பனிக்கு அழைத்தால், அன்றைக்கே பட்டனைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.